காயத்தின் மேல் ஒரு விரல்: அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி

முஸ்லிம் அறிஞர்களைப் பற்றிப் பேசும் மேடைகளில் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (ரஹ்) அவர்களின் பெயர் தவறாமல் வரும். அறுவை சிகிச்சையின் தந்தை என்போம். அவர் வரைந்து காட்டிய சுமார் 200 கருவிகளைச் சொல்வோம். அத்தோடு அடுத்த பெயருக்குப் போய்விடுவோம். உயிர் ஊசலாடும் நேரத்தில் அவர் என்ன செய்தார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை.

கி.பி. 936 வாக்கில், ஸ்பெயினின் குர்துபா அருகிலுள்ள மதீனத்துஸ் ஸஹ்ராவில் பிறந்தவர். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அனுபவத்தை 'அத்தஸ்ரீஃப்' என்ற நூலில் 30 பாகங்களாக எழுதினார். கடைசிப் பாகம்தான் அறுவை சிகிச்சை. தம் மாணவர்களைப் பெற்ற பிள்ளைகளைப் போல விளித்து எழுதுகிறார்.

அவர்களிடம் அவர் முதலில் வைக்கும் நிபந்தனை உடற்கூறு. எலும்பு, நரம்பு, தசை, இரத்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியாதவன் கத்தியைத் தொடக்கூடாது. காரணத்தையும் மறைக்கவில்லை. அரைகுறை மருத்துவர் ஒருவர் ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியைக் கீறப்போய், தமனியை அறுத்துவிட்டார். அந்தப் பெண் அவர் முன்னாலேயே இரத்தம் வடிந்து இறந்துபோனார். அதை அஸ்ஸஹ்ராவி நேரில் கண்டவர்.

தமனி அறுந்தால்? உடனே ஆட்காட்டி விரலை அதன் வாயில் வைத்து அழுத்த வேண்டும், குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குள் சூட்டுக்கோல் பழுக்கட்டும். சூடு போடுவது, பாதி அறுந்த குழாயை முழுதாகத் துண்டிப்பது, உறுதியான நூலால் கட்டுவது, மருந்து வைத்து இறுகக் கட்டுவது என நான்கு வழிகள் அவரிடம் இருந்தன. மருத்துவரே இல்லாத இடத்தில் விரலும் தண்ணீரும்தான் வழி என்றும் எழுதி வைத்தார். இன்றைய முதலுதவி வகுப்பிலும் முதல் பாடம் காயத்தை அழுத்திப் பிடிப்பதுதானே!

ஒருமுறை அடிமைப் பெண் ஒருத்திக்குக் கழுத்தில் கத்திக் காயம். மூச்சுக்குழாய் அறுந்து, காற்று காயத்தின் வழியே வந்துகொண்டிருந்தது. பெரிய இரத்தக் குழாய்கள் தப்பியிருப்பதை முதலில் பார்த்து உறுதி செய்துகொண்டு, காயத்தைத் தைத்தார். அவள் பிழைத்தாள். குரல் மட்டும் கரகரத்தது. மூச்சுக்குழாயைத் திறந்தாலும் அது ஆறும் என்று அந்த அனுபவத்திலிருந்து எழுதினார்.

அம்பு எடுப்பதில் அவர் கை தேர்ந்தவர். ஒருவருக்கு மூக்கோரம் கண்ணின் மூலையில் புகுந்த அம்பைக் காதுமடலுக்குக் கீழே வெளியே எடுத்தார். கண்ணுக்குச் சேதமில்லை. அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் யூதரும் கிறிஸ்தவரும் உண்டு.

12ஆம் நூற்றாண்டில் கிரிமோனாவின் ஜெரார்டு இந்தப் பாகத்தை லத்தீனில் மொழிபெயர்த்தார். ஐரோப்பிய மாணவர்கள் சில நூற்றாண்டுகள் அதைப் படித்தார்கள். அஸ்ஸஹ்ராவி 1013 வாக்கில் வஃபாத்தானார். அவர் பிறந்த மதீனத்துஸ் ஸஹ்ரா அதற்குச் சற்று முன்பே உள்நாட்டுப் போரில் சூறையாடப்பட்டிருந்தது.