தரையில் பதிந்த பாதம்

என் அண்ணன் மகனுக்கு இப்போது மூன்று வயது. வீட்டுக்குள் அவன் ஓடாத நேரமில்லை. ஆனால், பிறந்தபோது அவனுடைய வலது பாதம் உள்நோக்கித் திரும்பி, குதிகால் மேலே தூக்கியபடி இருந்தது. பிறவி வளைபாதம் என்று மருத்துவர் சொன்னார். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. ஆண் குழந்தைகளிடம் இது கூடுதலாகக் காணப்படும்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். இதற்குச் சிகிச்சை எப்படி வந்தது என்று நூலகத்தில் தேடியபோதுதான் வில்லியம் ஜான் லிட்டில் என்ற பெயரைக் கண்டேன். வளைபாதத்தைத் திருத்திய அந்த மருத்துவர், தாமே வளைபாதத்தோடு வளர்ந்தவர்.

லிட்டில் 1810ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். பெற்றோர் ஒரு விடுதி நடத்திவந்தனர். இரண்டு வயதில் அவரைப் போலியோ தாக்கியது. இடது காலின் தசைகள் சில வலுவிழந்தன. மற்ற தசைகள் இழுத்த பக்கமே பாதம் திரும்பிக்கொண்டது. பிறவியிலேயே வரும் வளைபாதத்துக்குக் காரணம் வேறு. ஆனால், இரண்டிலும் குதிகாலுக்கு மேலுள்ள தடித்த தசைநார் இறுகிப்போய், குதிகாலைத் தரையில் பதியவிடாது.

அன்று பாதத்தைக் கட்டைகளாலும் பட்டைகளாலும் இழுத்துக் கட்டுவதே வழக்கம். இறுகிய தசைநார் அதற்கு இளகவில்லை. லிட்டில் அந்தக் காலோடுதான் பள்ளிக்குப் போனார், மருந்தாளர் ஒருவரிடம் பயிற்சி பெற்றார், லண்டன் மருத்துவமனையில் மருத்துவமும் கற்றார். மருத்துவத் தொழிலுக்கு வந்த பிறகும் தம் காலுக்கு ஒரு வழி கிடைக்குமா என்று தேடுவதை அவர் விடவில்லை.

தசைநாரை வெட்டிவிட்டால் என்ன என்ற எண்ணம் ஏற்கெனவே இருந்தது. பிரான்சில் டெல்பெக் என்ற அறுவை மருத்துவர் 1816இல் அதைச் செய்து பார்த்தார். புண் சீழ்பிடித்து, ஆறுவதற்கு நெடுநாள் ஆனது. அவர் மறுபடி அதில் கைவைக்கவில்லை. ஜெர்மனியின் ஹனோவர் நகரில் லூயிஸ் ஸ்ட்ரோமேயர் வேறு வழி கண்டார். தோலைப் பெரிதாகக் கிழிக்காமல், மெல்லிய கத்தியை ஒரு சிறு துளை வழியே செலுத்தி உள்ளேயே தசைநாரை வெட்டினார். துளை ஆறிய பின், பாதத்தை ஒரு கருவியால் சிறிது சிறிதாகச் சரியான நிலைக்குக் கொண்டுவந்தார்.

லிட்டில் ஹனோவருக்குப் போனார். 1836 ஜூன் மாதம் ஸ்ட்ரோமேயர் அவருடைய தசைநாரை வெட்டினார். அப்போது மயக்க மருந்து கிடையாது. ஈதர் புழக்கத்துக்கு வர இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன. கிருமிகளைப் பற்றியும் யாருக்கும் தெளிவு இல்லை. புண் சீழ்பிடித்தால் காலையே இழக்க நேரிடலாம், உயிரும் போகலாம். இதெல்லாம் தெரிந்த மருத்துவர்தான் காலை நீட்டினார். அப்போது அவருக்கு வயது 25. என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவர்.

சிகிச்சை பலித்தது, குதிகால் தரையில் பதிந்தது. தம் கால் சரியானதே போதும் என்று அவர் ஊர் திரும்பிவிடவில்லை. ஸ்ட்ரோமேயரிடம் அந்த முறையைக் கற்றார். வளைபாதத்தையே ஆய்வுப் பொருளாக எடுத்து 1837இல் பெர்லினில் மருத்துவப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு லண்டனில் இந்த அறுவை சிகிச்சையைச் செய்யத் தொடங்கினார். 1839இல் வளைபாதம் பற்றி ஒரு நூல் எழுதினார். 1840இல் லண்டனின் புளூம்ஸ்பரி சதுக்கத்தில் உடல் ஊனங்களுக்கென ஒரு சிகிச்சை நிலையம் திறக்கப்பட அவரே காரணமாக இருந்தார். ஊனமுற்ற பிள்ளைகள் கடல் கடந்து போகாமலேயே அங்கு சிகிச்சை பெற்றனர். தம் மகன் ஒருவருக்கு லூயிஸ் ஸ்ட்ரோமேயர் என்றே பெயர் வைத்தார். அந்த மகனும் அறுவை மருத்துவரானார்.

அவர் பாதத்தோடு நின்றுவிடவுமில்லை. சில பிள்ளைகளின் கால்கள் விறைத்து, நுனிக்காலில் நடப்பதை அவர் கவனித்தார். பிறப்பின்போது மூச்சுத் திணறியவர்கள், குறைமாதத்தில் பிறந்தவர்கள் பலர் அவர்களில் இருப்பதைக் கண்டு, 1861இல் அதை ஆய்வுரையாகப் படித்தார். இன்று பெருமூளை வாதம் எனப்படுவதன் ஒரு வகை, நெடுங்காலம் லிட்டில் நோய் என்றே அழைக்கப்பட்டது. காலில் தெரியும் குறைக்கு மூளையிலோ நரம்பிலோ காரணம் இருக்கலாம் என்பதே அவர் காட்டிய பாடம்.

இது நமக்கும் பொருந்தும். பதின்ம வயதில் பாதத்தின் வளைவு மேலும் மேலும் உயர்கிறதா? விரல்கள் மடங்குகின்றனவா? கணுக்கால் அடிக்கடி பிசகுகிறதா? நரம்பு நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டவேண்டும். தட்டைப்பாதம் உள்ள எல்லாருக்கும் சிகிச்சை தேவைப்படாது. நுனிக்காலில் நிற்கும்போது வளைவு தெரிந்து, வலியும் இல்லையென்றால் பெரும்பாலும் கவலையில்லை. வளைவு தெரியாமல் விறைப்பாக இருந்தாலோ, வலித்தாலோ பரிசோதனை தேவை. காலணிக்குள் மறைத்து வைப்பதால் எதுவும் சரியாகாது.

லிட்டில் 1894இல் காலமானார். பிறவி வளைபாதத்துக்கு இன்று உலகெங்கும் பின்பற்றப்படுவது, அமெரிக்காவின் ஐயோவாவில் மருத்துவர் பொன்செட்டி உருவாக்கிய முறை. பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்கி, வாரந்தோறும் பாதத்தை மெல்லத் திருப்பி மாவுக்கட்டு போடுவார்கள். கடைசிக் கட்டுக்கு முன், பெரும்பாலான குழந்தைகளுக்கு அதே தசைநாரைச் சிறு துளை வழியே வெட்டுவார்கள். அண்ணன் மகனுக்கும் அப்படித்தான் செய்தார்கள். லிட்டில் காலை நீட்டிக் காத்திருந்த அந்த வெட்டு, அவனுக்குச் சில நிமிடங்களில் முடிந்தது.

ஆனால், அதன் பிறகுதான் நாங்கள் தவறினோம். ஒரு கம்பியால் இணைத்த இரண்டு காலணிகளை முதல் மூன்று மாதங்கள் ஏறக்குறைய நாள் முழுவதும், பிறகு நான்கு வயதுவரை தூங்கும்போது போடச் சொல்லியிருந்தார்கள். ஒரு வயதில் அவன் இரவெல்லாம் அழுதான். பாதம்தான் நேராகிவிட்டதே, பிள்ளையை ஏன் வதைக்கவேண்டும் என்றார் அம்மா. கழற்றி அலமாரியில் வைத்தவர்களில் நானும் ஒருவன். சில மாதங்களில் பாதம் மீண்டும் உள்ளே திரும்பத் தொடங்கியது. மறுபடியும் மாவுக்கட்டு.

லிட்டிலின் கதையை அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. இப்போது ஒவ்வோர் இரவும் அந்தக் காலணிகளை மாட்டிவிடுவது அம்மாதான். இன்னும் ஓராண்டு இருக்கிறது.