13 நாள், 10 விமானம், 19 வயசு: மொபைல் கேம்ல வரும் விமானத்தை நிஜத்தில் ஓட்டிய இந்தியர் யார் தெரியுமா?

ஆவடியில் இருந்து சென்ட்ரல் போகும் காலை நேர லோக்கலில் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர் என்று ஸ்டேஷன்கள் வந்து போய்க்கொண்டே இருக்கும். போனைப் படுக்கவசமாகப் பிடித்துக்கொண்டு யாராவது ஒரு பையன் வானத்தில் சண்டை போட்டுக்கொண்டிருப்பான். இடது கட்டைவிரல் விமானத்தைத் திருப்ப, வலது கட்டைவிரல் சுட. அடி வாங்கி விமானம் எரிந்து விழுந்தால் மூன்று நொடி காத்திருந்தால் போதும், புது விமானம் ரெடி. பட்டரவாக்கம் வருவதற்குள் நாலு தடவை செத்துப் பிழைக்கலாம்.

முதல் உலகப்போரை வைத்து வந்த விமான கேம்களில் எஸ்.இ.5ஏ என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டடுக்கு இறக்கை கொண்ட பிரிட்டிஷ் விமானம். அதை நிஜமாகவே ஓட்டி, 13 நாட்களில் 10 எதிரி விமானங்களை வீழ்த்தியவர் என்ற கணக்கில் இருப்பவர் ஓர் இந்தியர். பெயர் இந்திர லால் ராய். இறந்தபோது அவருக்கு வயது 19.

யார் இந்த ராய்?

1898 டிசம்பர் 2-ம் தேதி கொல்கத்தாவில் பிறந்தவர். குடும்பத்தின் பூர்வீகம் இன்றைய வங்கதேசத்தில் உள்ள பாரிசால். அப்பா பியாரி லால் ராய் பாரிஸ்டர். வசதிக்குக் குறைவில்லை. பிள்ளைகளின் படிப்புக்காக அம்மா லலிதா ராய் லண்டனிலேயே வீடு எடுத்துத் தங்கினார். சாதாரண அம்மா இல்லை இவர். 1911-ல் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு லண்டன் தெருக்களில் பெரிய ஊர்வலம் நடந்தபோது, அதில் நடந்த இந்தியப் பெண்களில் முக்கியமானவர்.

வீட்டில் ராய்க்குச் செல்லப்பெயர் லாடி. படித்தது லண்டனின் புகழ்பெற்ற செயின்ட் பால்ஸ் பள்ளி. 1914-ல் போர் வெடித்தபோது அவருக்கு 15 வயதுதான்.

நம்ம ஊருக்கும் அந்தப் போர் அந்நியம் இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் 22-ம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு வீசிவிட்டுப் போன எம்டன் கப்பலை இன்னும் நாம் மறக்கவில்லை. கில்லாடி ஆளைப் பார்த்தால் 'சரியான எம்டன்' என்று சொல்கிறோமே, அந்த எம்டன்தான்.

போரின் முடிவுக்குள் 13 லட்சம் இந்தியர்கள் பிரிட்டிஷ் கொடியின் கீழ் பணியாற்றினார்கள். ஆனால் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. சிப்பாயாகச் சாகலாம், பிரிட்டிஷ்காரருக்குச் சமமான அதிகாரியாக முடியாது. ராணுவத்தில் மன்னரின் கமிஷன் பெற்ற அதிகாரி பதவி இந்தியர்களுக்குக் கிட்டத்தட்ட மூடிய கதவாகவே இருந்தது. அந்த நிலையில்தான் விமானிகள் வேகமாகச் செத்துக்கொண்டிருந்த ராயல் ஃபிளையிங் கோர், லண்டனில் படித்த விரல்விட்டு எண்ணக்கூடிய சில இந்தியர்களை உள்ளே விட்டது.

பைக்கை வித்து கண் டெஸ்ட்

விமானப்படை ஆள்சேர்ப்புக்குப் போய்வந்த ஆவடி, பட்டாபிராம் பசங்களுக்கு இந்த இடம் நல்லாவே புரியும். ராய் முதலில் நிராகரிக்கப்பட்டார். காரணம், கண் பார்வை போதாது என்ற மருத்துவ அறிக்கை. அவர் வீட்டுக்குப் போய் உட்காரவில்லை. தன்னிடம் இருந்த மோட்டார் சைக்கிளை விற்று, அந்தக் காசில் நாட்டின் முன்னணிக் கண் நிபுணர் ஒருவரிடம் போய் மறுபரிசோதனை செய்துகொண்டார் என்று அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அங்கே பாஸ்.

1917 ஏப்ரலில் சேர்ந்தார். ஜூலை 5-ம் தேதி செகண்ட் லெப்டினன்ட். அப்போது வயது 18. அக்டோபர் கடைசியில் பிரான்ஸில் இருந்த 56-வது ஸ்குவாட்ரனுக்கு அனுப்பப்பட்டார். பிரிட்டனின் நட்சத்திர விமானி ஜேம்ஸ் மெக்கடன் இருந்த அதே ஸ்குவாட்ரன். புதுப் பையனுக்குப் பெரிய இடம்தான்.

ஆனா ஆரம்பமே சரியில்லை. டிசம்பர் 6-ம் தேதி அவரது எஸ்.இ.5ஏ தரையில் மோதி நொறுங்கியது. இதற்குப் பிறகு நடந்ததாகச் சொல்லப்படும் கதை ரொம்பப் பிரபலம். இறந்துவிட்டார் என்று முடிவு செய்து சவக்கிடங்கில் கிடத்திவிட்டார்களாம். நினைவு திரும்பி எழுந்த ராய் உள்ளிருந்து கதவைத் தட்ட, வெளியே இருந்தவர் பயந்துபோய்த் திறக்கவே இல்லையாம். கதையில் எவ்வளவு மசாலா சேர்ந்ததோ, விபத்து உண்மை, படுகாயம் உண்மை. கேமில் மூன்று நொடியில் கிடைக்கும் மறுவாழ்வு ராய்க்கு ஒரே ஒரு முறை கிடைத்தது. அதற்கு ஆறு மாதம் ஆனது.

அந்த மாதங்களில் படுக்கையில் கிடந்தபடி விமானங்களாக வரைந்து தள்ளினார். பென்சில் ஓவியங்கள், சண்டைக் காட்சிகள். அவற்றில் பல இன்றும் இருக்கின்றன. பறக்கத் தகுதியில்லை என்று தரைப்பணி கொடுத்தார்கள். விடாமல் மேலதிகாரிகளை நச்சரித்து மறுபடி பறக்க அனுமதி வாங்கினார். 1918 ஜூன் 19-ம் தேதி மீண்டும் பிரான்ஸ். இம்முறை 40-வது ஸ்குவாட்ரன். அவருக்கு ஃபிளைட் தலைவராக வாய்த்தவர் ஜார்ஜ் மெக்எல்ராய் என்ற ஐரிஷ்காரர், எதிரியை மிக நெருங்கிப் போய்ச் சுடுவதில் பேர்போனவர். இதற்குள் ராயல் ஃபிளையிங் கோர், ராயல் ஏர் ஃபோர்ஸ் ஆகிவிட்டிருந்தது.

நிஜ சண்டை எப்படி இருக்கும்?

ராயின் 13 நாட்களைப் புரிந்துகொள்ள, முதலில் அந்த விமானத்தைப் புரிந்துகொள்ளணும்.

எஸ்.இ.5ஏ மரச்சட்டத்தில் துணி போர்த்திச் செய்தது. ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை இறக்கையின் அகலம் சுமார் 8 மீட்டர். லோக்கல் ரயில் பெட்டி ஒன்றின் நீளத்தில் பாதிகூட இல்லை. வேகம் மணிக்கு சுமார் 220 கி.மீ. ஒரே ஆள்தான், அதுவும் திறந்த இருக்கை. பல ஆயிரம் அடி உயரத்தில் எலும்பு வரை குளிர்.

துப்பாக்கிகள் இரண்டு. முன்னால் இருக்கும் விக்கர்ஸ், சுழலும் விசிறியின் இடைவெளி வழியாகச் சுடும். குண்டு விசிறியில் படாதபடி எஞ்சினோடு இணைத்து நேரம் அமைத்திருப்பார்கள். இன்னொன்று மேல் இறக்கையின் மீது பொருத்திய லூயிஸ். அதன் வட்டமான ரவை டிரம்மில் 97 குண்டுகள். தீர்ந்தால் துப்பாக்கியை வளைந்த தண்டவாளம் வழியாகக் கீழே இழுத்து, காற்றடிக்கும் வேகத்தில் டிரம்மைக் கழற்றி, புதியதை மாட்டணும். அந்த நேரம் விமானத்தை ஓட்டும் தடி? முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்ள வேண்டியதுதான். பின்னால் யாரும் வராமல் இருந்தால் நல்லது.

கேமில் நாம் செய்வது போல எந்நேரமும் வட்டமடித்துக்கொண்டிருப்பது எஸ்.இ.5ஏ விமானிக்குச் சரிவராது. அதன் பலம் வேகமும், செங்குத்தாகப் பாயும்போது தாங்கும் உறுதியும்தான். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு உயரத்தில் காத்திருந்து, பாய்ந்து, நெருங்கி, சில நொடி சுட்டுவிட்டு, அதே வேகத்தில் மேலேறிப் போய்விட வேண்டும்.

இன்னொன்று, பாராசூட் கிடையாது. பிரிட்டிஷ் போர் விமானிகளுக்கு அந்தப் போர் முடியும் வரை அது கொடுக்கப்படவில்லை. ஜெர்மானியர்கள் சிலருக்கு 1918-ல் கிடைத்துவிட்டது. விமானம் தீப்பிடித்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு ராயிடமும் அவரது நண்பர்களிடமும் நல்ல பதில் எதுவும் இருந்திருக்க முடியாது.

அந்த 13 நாட்கள்

1918 ஜூலை 6. ராயின் முதல் வெற்றி, ஹனோவர் வகை ஜெர்மன் விமானம். ஹனோவர் ஏமாற்றும் ரகம். இரண்டு பேர் போகும் விமானம்தான், ஆனால் உருவத்தில் சின்னது. தூரத்தில் இருந்து பார்த்தால் ஒற்றை ஆள் விமானம் போலத் தெரியும். அசால்ட்டாகப் பின்னால் போனால், திரும்பி உட்கார்ந்திருக்கும் துப்பாக்கிக்காரர் வெளுத்துவிடுவார். அவர் சுட வசதியாக வாலைக்கூட இரண்டடுக்காகக் குறுக்கி வைத்திருந்தார்கள்.

ஜூலை 8-ம் தேதி நாலு மணி நேரத்துக்குள் மூன்று. 13-ம் தேதி இரண்டு. 15-ம் தேதி இரண்டு. 18-ல் ஒன்று. 19-ல் ஒன்று. மொத்தம் 10.

இந்தக் கணக்கையும் கொஞ்சம் விளக்கணும். கேம் மாதிரி ஸ்கோர் தானாக ஏறாது. எதிரி விமானம் நொறுங்கியதைப் பார்த்தாலும் கணக்கு, கட்டுப்பாடு இழந்து சுழன்று விழுவதைப் பார்த்தாலும் கணக்கு. இரண்டு பேர் சேர்ந்து வீழ்த்தினால் இருவர் பெயரிலும் எழுதுவார்கள். ராயின் பத்தில் அப்படிப் பகிர்ந்துகொண்டவையும் உண்டு. இது அன்று எல்லா பிரிட்டிஷ் விமானிகளுக்கும் இருந்த முறைதான். ஐந்து வீழ்த்தினால் 'ஏஸ்' என்ற பட்டம். முதல் உலகப்போரில் அந்தப் பட்டம் பெற்ற ஒரே இந்தியர் ராய்.

ஜூலை 22. வடக்கு பிரான்ஸில், ஜெர்மானியர் கையில் இருந்த கார்வின் ஊருக்கு மேலே, ஃபோக்கர் டி.7 விமானங்களோடு சண்டை. வந்தவர்கள் ஜெர்மனியின் 29-வது வேட்டைப் படைப்பிரிவினர். டி.7 எவ்வளவு பயங்கரமான விமானம் என்பதற்கு ஒரு சாட்சி போதும்: போர் நிறுத்த ஒப்பந்தத்தில் ஜெர்மனி ஒப்படைக்க வேண்டிய விமானங்களில் அதன் பெயரைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேட்டார்கள். அன்றைய சண்டையில் ராயின் விமானம் வீழ்ந்தது. அவர் திரும்பவில்லை.

அந்த மாதம் அவரோடு முடியவில்லை. மெக்கடன் ஜூலை 9-ம் தேதியே விபத்தில் இறந்திருந்தார். 40-வது ஸ்குவாட்ரனில் பெயர் வாங்கி வேறு படைக்கு மாறியிருந்த மிக் மன்னாக் ஜூலை 26-ம் தேதி. ராயின் தலைவர் மெக்எல்ராய் ஜூலை 31-ம் தேதி. ஒரே மாதத்தில் நாலு பேர்.

ரெட் பேரனா சுட்டார்?

கேம்களில் கடைசி வில்லனாக ஒரு சிவப்பு மூன்றடுக்கு விமானம் வரும் இல்லையா? அதன் சொந்தக்காரர் ரெட் பேரன் எனப்படும் மான்ஃப்ரெட் வான் ரிச்தோஃபென். அவர்தான் ராயைச் சுட்டார் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. ரிச்தோஃபென் 1918 ஏப்ரல் 21-ம் தேதியே கொல்லப்பட்டுவிட்டார். அப்போது ராய் இரண்டாவது முறையாகப் பிரான்ஸுக்குப் போகவே இல்லை.

ராய்க்கு டிஸ்டிங்விஷ்ட் ஃபிளையிங் கிராஸ் என்ற வீரப் பதக்கம் அறிவிக்கப்பட்டது 1918 செப்டம்பரில், அதாவது இறந்து இரண்டு மாதம் கழித்து. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். மகன் எந்தச் சாம்ராஜ்யத்துக்காகப் பறந்தாரோ, அது இந்தியர்களுக்கு என்ன திருப்பிக் கொடுத்தது என்பதும் தெரிந்த கதை. அவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1919 ஏப்ரல் 13-ம் தேதி ஜாலியன்வாலா பாக். பதக்கத்தைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டால் கதை பாதிதான்.

அப்போது பறந்த இந்தியர்கள் இன்னும் மூன்று பேர். கிருஷ்ண வெலிங்கர் ராய்க்கு முந்தைய மாதமே உயிரிழந்தார். எரல் சந்தர் சென் ஜெர்மானியரிடம் போர்க்கைதி ஆனார். ஹர்தித் சிங் மாலிக் பிழைத்து வந்து, சுதந்திர இந்தியாவின் தூதராக அதே பிரான்ஸுக்குப் போனார். ராயின் அண்ணன் பரேஷ் லால் ராயும் போரிலிருந்து திரும்பினார். இந்தியக் குத்துச்சண்டையின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள்.

இந்தியாவுக்கென்று ஒரு விமானப்படை 1932 அக்டோபர் 8-ல்தான் உருவானது, ராய் இறந்து 14 வருடம் கழித்து. 2024-ல் மெரினாவுக்கு நாம் எல்லோரும் கூட்டமாகப் போய்ப் பார்த்த வான் சாகசம் அந்த நாளை ஒட்டி நடந்ததுதான். டேங்க் ஊர் என்று பெயரெடுத்த ஆவடிக்கும் இதில் பங்கு உண்டு. இங்கே விமானப்படை நிலையம் இருக்கிறது. தேஜஸ் போர் விமானத்தின் துணைக் கருவிகளை இயக்கும் கியர்பாக்ஸை உருவாக்கியதும் ஆவடியில் உள்ள சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகம்தான்.

கொல்கத்தாவின் பவானிபூரில் இந்திர ராய் ரோடு இருக்கிறது. பிறந்து நூறு ஆண்டு ஆனபோது, 1998 டிசம்பரில், இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. உடல் மட்டும் ஊர் திரும்பவில்லை. கார்வினுக்குப் பக்கத்தில் எஸ்தவெல் என்ற சின்ன ஊரின் பொதுக் கல்லறையில் இருக்கிறார். அந்தக் கல்லில் பிரெஞ்சு எழுத்துகளோடு வங்காள எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.