அழ வைத்தவர் சிரிக்க வைத்தார்: செங்கல்பட்டில் படித்த டைரக்டர் ஸ்ரீதர்

ஒரகடத்தில் இருந்து சிங்கபெருமாள் கோவில் வழியாக போனால் செங்கல்பட்டு. அங்கே பள்ளியில் படித்த பையன்தான் பிற்காலத்தில் தமிழ் சினிமாவை கலக்கிய டைரக்டர் ஸ்ரீதர்.

1933-ல் பிறந்த இவர், கதை வசனம் எழுதி சினிமாவுக்குள் நுழைந்தார். 1959-ல் 'கல்யாண பரிசு' படத்தை இயக்கி தாய்மார்களை அழ வைத்தார். 1962-ல் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்திலும் கண்ணீர்தான்.

அப்படி பேர் வாங்கியவர், 1964-ல் முழுநீள காமெடி படம் எடுக்க துணிந்தார். அதுவும் செலவு பிடிக்கும் கலரில். பள்ளித்தோழர் கோபுவை கூட வைத்துக்கொண்டு கதை பண்ணினார். ஹீரோ ரவிச்சந்திரன் புதுமுகம். ஹீரோயின் காஞ்சனா, விமான பணிப்பெண்ணாக இருந்தவர். படம் ஓடாவிட்டால் சொந்த கம்பெனி சித்ராலயாவுக்குத்தான் அடி.

ஆனால் 'காதலிக்க நேரமில்லை' சக்கைப்போடு போட்டது. நாகேஷ் திகில் கதை சொல்லி பாலையாவை நடுங்க வைக்கும் சீனை அடிச்சுக்க இன்னைக்கும் ஆளில்லை.

மறு வருடமே 'வெண்ணிற ஆடை' மூலம் ஜெயலலிதாவை தமிழில் அறிமுகம் செய்தார். பிற்பாடு பண நெருக்கடியில் தவித்தபோது, எம்.ஜி.ஆர். நடித்த 'உரிமைக்குரல்' (1974) கை கொடுத்தது.

பக்கவாதத்தால் அவதிப்பட்ட ஸ்ரீதர், 2008 அக்டோபர் 20-ந்தேதி சென்னையில் மரணம் அடைந்தார். அப்போது அவருக்கு வயது 75.