பம்பாய்க்குப் போன பிரேம்சந்த்

சினிமாவுக்குக் கதை எழுத ஆசைப்படுகிறவர் ஊரை விட்டுப் போகத்தான் வேண்டுமா? இந்தி நாவலாசிரியர் பிரேம்சந்த் போய்ப் பார்த்தார்.

காசிக்கு அருகே லமஹி கிராமத்தில், 1880-ல் பிறந்தவர் அவர். இயற்பெயர் தன்பத் ராய். காசியில் அச்சகமும், "ஹம்ஸ்" என்ற பத்திரிகையும் நடத்தினார். நஷ்டத்துக்கு மேல் நஷ்டம். கடன் கழுத்தை நெரித்தது.

அந்த நேரத்தில் பம்பாய் சினிமா கம்பெனி ஒன்று அழைத்தது. ஆண்டுக்கு 8 ஆயிரம் ரூபாய் சம்பளம்! அன்று அது பெரும் பணம். 1934-ல் ரெயில் ஏறினார். அப்போது அவருக்கு வயது 53.

"மஜ்தூர்" என்ற படத்துக்குக் கதை எழுதினார். மஜ்தூர் என்றால் தொழிலாளி. ஆலைத் தொழிலாளிகள் பட்ட பாடுதான் கதை. ஒரு சிறு வேடத்தில் அவரே நடித்தும் இருக்கிறார். ஆனால் பம்பாயில் அந்தப் படத்தைத் தணிக்கை அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள்.

ஸ்டூடியோவில் டைரக்டர் வைத்ததே சட்டம். கதாசிரியர் பேச்சு எடுபடவில்லை. பேனாவையே நம்பி வாழ்ந்தவருக்கு இது பொறுக்குமா? ஒப்பந்த ஆண்டு முடியுமுன்பே, 1935-ல் காசிக்குத் திரும்பிவிட்டார். மறு ஆண்டு அவருடைய "கோதான்" நாவல் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் காலமானார்.

1938-ல் அவருடைய நாவல் ஒன்று தமிழில் படமாயிற்று. கே.சுப்பிரமணியம் டைரக்ட் செய்த "சேவாசதனம்"தான் அது. கதாநாயகி எம்.எஸ்.சுப்புலட்சுமி. பிரேம்சந்த் அந்தக் கதையை எழுதியது பம்பாயில் அல்ல. கோரக்பூரில், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தபோது.