ஒளியின் வளைவை உரைத்தவர்

புதிய உண்மையைக் கண்டறிவது அரும்பணி. அதை எல்லார்க்கும் விளங்குமாறு எடுத்துரைப்பது அதற்குக் குறையாத பணி. ஒளியும் வளையும் என்பதை வானில் அளந்து, அதன் பொருளை மக்களுக்கும் விளக்கியவர் ஆர்தர் ஸ்டான்லி எடிங்டன்.

இங்கிலாந்தின் கெண்டல் நகரில் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் அவர் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்த அவரைத் தாயார் சிறு வருவாயில் வளர்த்தார். உதவித்தொகை பெற்றுப் பயின்ற எடிங்டன், 1904இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றார். 1913இல் அங்கேயே வானியல் பேராசிரியரானார்.

அடுத்த ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. பெர்லினில் வாழ்ந்த ஐன்ஸ்டைன் 1915இல் பொதுச் சார்பியல் கோட்பாட்டை வெளியிட்டார். போரில் சேராத நெதர்லாந்தின் வானியலாளர் டி சிட்டர் வழியாகவே அது எடிங்டனை எட்டியது. பகைநாட்டவரின் அறிவியலையும் பலர் வெறுத்த அந்நாளில், அறிவுக்கு நாட்டெல்லை இல்லை எனக் கருதிய அவர், அக்கோட்பாட்டைக் கற்றுத் தம் நாட்டினருக்கு விளக்கினார். போரை மறுக்கும் குவேக்கர் சமய நெறியைச் சார்ந்த அவர், படையில் சேரவும் உடன்படவில்லை. வரவிருந்த சூரிய கிரகண ஆய்வுக்கு அவர் இன்றியமையாதவர் என அரசு வானியலாளர் டைசன் எடுத்துரைத்ததால், 1918இல் அவருக்கு விலக்குக் கிடைத்தது.

கதிரவன் தன்னைச் சூழ்ந்த வெளியை வளைப்பதால், அதன் விளிம்பை ஒட்டிவரும் விண்மீன் ஒளி 1.75 வில்நொடி அளவு விலகும் என்றது ஐன்ஸ்டைனின் கோட்பாடு. மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு நாணயம் நம் கண்ணில் ஏற்படுத்தும் கோணம் ஏறத்தாழ இவ்வளவே. நியூட்டனின் விதிப்படி கணித்தால் இதில் பாதியே கிடைக்கும். எது சரி என்று அறிய, கதிரவன் முற்றும் மறையும் பொழுதில் அதன் அருகிலுள்ள விண்மீன்களைப் படமெடுக்க வேண்டியிருந்தது.

1919ஆம் ஆண்டு மே 29ஆம் நாள், ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள பிரின்சிபித் தீவில் எடிங்டன் காத்திருந்தார். மற்றொரு குழு பிரேசிலின் சொப்ராலில் இருந்தது. தீவில் காலையில் பெருமழை பெய்தது. கிரகணத்தின்போதும் மேகங்கள் மறைத்தன. ஏறத்தாழ ஐந்து மணித்துளிகளில் 16 படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் மிகச் சிலவே பயன்பட்டன. இரு குழுக்களின் அளவீடுகளும் ஐன்ஸ்டைனின் கணிப்பை ஆதரிப்பதாக நவம்பர் 6ஆம் நாள் இலண்டனில் அறிவிக்கப்பட்டது.

அரங்கம் வியந்த அம்முடிவைப் பொதுமக்களுக்கு உணர்த்த எடிங்டன் எளிய உவமைகளைக் கையாண்டார். கடலடியில் உள்ள மேட்டைச் சுற்றித் தட்டை மீன்கள் வளைந்து நீந்தினால், மேட்டை அறியாதவர், ஏதோ ஒரு விசை அவற்றை இழுப்பதாகவே எண்ணுவர். ஈர்ப்பும் அத்தகையதே என விளக்கினார். நாம் தொட்டுணரும் திண்ணிய மேசை, அணுவியல் நோக்கில் பெரும்பாலும் வெற்றிடமே என்று 1928இல் வெளிவந்த தம் நூலில் காட்டினார்.

கேட்டாரைப் பிணிக்கும் அந்தச் சொல்வன்மை ஒருமுறை உண்மைக்கு எதிராகவும் நின்றது. ஒரு வரம்புக்கு மேற்பட்ட நிறையுள்ள விண்மீன், வெண்குறுமீனாக நிலைத்திராது எனத் தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகர் கண்டறிந்தார். 1935ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் அரச வானியல் கழகக் கூட்டத்தில் எடிங்டன் அம்முடிவை எள்ளி மறுத்தார், அவை நகைத்தது. இருபத்து நான்கு வயது இளைஞரின் கணிப்பு உரிய ஏற்பைப் பெற நெடுங்காலம் ஆயிற்று. சந்திரசேகர் 1983இல் நோபல் பரிசு பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டு, எடிங்டனின் நூற்றாண்டு விழாவில் அவரது பெருமையைப் போற்றி உரையாற்றியவரும் அவரே.

எடிங்டன் 1944ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் மறைந்தார். பகைமை சூழ்ந்த காலத்தில் உண்மைக்கு வழி திறந்த அவருடைய சொல்லே, பிறிதொரு காலத்தில் அதற்குத் தடையாகவும் அமைந்தது. அறிஞர் எத்துணைப் பெரியவராயினும் அவர் கூற்றையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.