குடலில் குடியிருந்தோரைத் தேடியவர்

வயிறு வாடினால் மூளை வாடும். இதை உழைப்பவனுக்கு ஏடு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை, தோழர்களே! பசித்த பிள்ளை பள்ளிக்கூடத்தில் பாடம் கேட்டபடியே கண்ணயர்ந்து போவதைக் கண்டவன் அவன். ஆனால் வயிற்றுக்கும் மூளைக்கும் நடுவே, சோற்றோடு சோறாக, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்ப் பட்டாளம் ஒன்று வாழ்கிறது. நம் நலமும் நலிவும் அதன் கையிலும் உண்டு. இதை உலகறியப் பேசியவர் இலியா மெச்னிக்கோவ்.

1845இல் கார்கோவ் நகரை அடுத்த சிற்றூரில் பிறந்தார். அன்று அது ஜார் மன்னனின் ரஷ்யப் பேரரசு, இன்று உக்ரேன். தந்தை படை அதிகாரி. தாய் யூத மரபினர். கடவுளை நம்பாதவர் மெச்னிக்கோவ். நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பை இரண்டே ஆண்டில் முடித்தார். அறிவு அப்படி! வாழ்வோ அழ வைத்தது. காசநோய் கண்ட காதலியை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் சென்றுதான் மணமேடையில் அமர்த்தினார்கள். அவளைப் பிழைக்க வைக்க ஊர் ஊராக அலைந்தார். 1873இல் அவள் மறைந்தாள். மனமுடைந்தவர் அபினை அள்ளி விழுங்கினார். அளவு மிஞ்சியதோ என்னவோ, உயிர் தப்பினார். மறுமணம் செய்துகொண்ட ஓல்காவும் பின்னர் நச்சுக் காய்ச்சலில் படுத்தபோது, தம் உடம்பிலேயே நோய்க் குருதியை ஊசியால் ஏற்றிக்கொண்டார். அப்போதும் சாவு அவரை ஏற்கவில்லை. மூளையின் துயரம் என்ன என்பதைத் தம் மூளையிலேயே கண்டவர் அவர்.

1881இல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டான். அடக்குமுறை அவிழ்த்துவிடப்பட்டது, பல்கலைக்கழகமும் தப்பவில்லை. ஒடெசாவில் பேராசிரியப் பதவியை 1882இல் உதறினார் மெச்னிக்கோவ். சிசிலித் தீவின் மெசினாவுக்குப் போனார். ஒரு நாள் வீட்டார் வேடிக்கை பார்க்க சர்க்கஸ் கூடாரத்துக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் நுண்ணோக்கி முன் அமர்ந்திருந்தார். கண்ணாடி போன்ற உடம்புள்ள நட்சத்திரமீன் குஞ்சு ஒன்றில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். விடிந்ததும் பார்த்தார்: முள்ளைச் சூழ்ந்து நின்றன உயிரணுக்கள், பகைவனை வளைத்த படைவீரர் போல! உடம்புக்குள் புகும் கிருமியை விழுங்கும் காவலணுக்கள் உண்டு என்ற உண்மை அங்கே பிறந்தது. ஜெர்மன் அறிஞர்கள் பலர் எள்ளி நகையாடினார்கள். பாரிசில் பாஸ்டர் 1888இல் இடம் கொடுத்தார். 1908இல் பால் எர்லிக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அவர் எடுத்த மற்றொரு பொருள் மூப்பு. முதுமையில் மூளையின் நரம்பணுக்களைத் தின்பதும் அதே காவலணுக்கள்தாம் என்று எண்ணினார். காவல்காரனே கொள்ளைக்காரனாவது ஏன்? பெருங்குடலில் அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் நஞ்சு கக்குகின்றன. அந்த நஞ்சே காரணம் என்றார். பரிகாரம்? தயிர்! பல்கேரியக் குடியானவர்கள் தயிர் உண்டு நெடுநாள் வாழ்கிறார்கள் என்ற பேச்சு அவரை ஈர்த்தது. அந்தத் தயிரின் நுண்ணுயிரை ஸ்டாமென் கிரிகோரோவ் என்னும் பல்கேரிய மருத்துவர் 1905இல் கண்டார். மெச்னிக்கோவ் நாள்தோறும் புளித்த பால் பருகினார். நம் வீட்டு உறைப் பானையின் உறவுக்காரன்தான் அது. ஐரோப்பாவே தயிருக்குப் பறந்தது. வணிகர்கள் மாத்திரையாக்கி விற்றார்கள்.

தயிரோடு நின்றிருந்தால் தொல்லை இல்லை. குடல் நஞ்சே பைத்தியத்துக்கு வேர் என்று வெறிகொண்ட மருத்துவர்களும் கிளம்பினார்கள். அமெரிக்காவில் டிரென்டன் மனநோய் மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்பவர் நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார், குடலையும் அறுத்தெறிந்தார். பலர் மாண்டனர். பாதி உண்மை, பதவியில் உட்கார்ந்தவன் கையில் கத்தியாகியது. அது மெச்னிக்கோவ் மறைந்த பின்னும் நடந்த கொடுமை. அவர் இதயநோயால் 1916 ஜூலையில், 71 வயதில் பாரிசில் காலமானார். சாம்பல், பாஸ்டர் நிறுவன நூலகத்தில் ஒரு கலசத்தில் இருக்கிறது. தயிர் அவரை நூறு வயது வாழவைக்கவில்லை!

ஆனால் கேள்வி சாகவில்லை. 2004இல் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தார், நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த எலிகளைச் சோதித்தார்கள். அடைத்துவைத்தால் அவை மற்ற எலிகளைவிட மிகுதியாகக் கலங்கின. சிறு வயதிலேயே குடலில் நுண்ணுயிரைச் சேர்த்தால் அந்தக் கலக்கம் தணிந்தது. காலம் கடந்து சேர்த்தால் தணியவில்லை. மூளைக்குள்ளும் காவலணுக்கள் உண்டு. நுண்ணுயிரில்லா எலிகளில் அவை முதிராமலே நின்றன என்று ஜெர்மனியில் 2015இல் கண்டார்கள். ரோஜா முள்ளைச் சூழ்ந்த படையின் சொந்தக்காரர்கள்தாம் அவை! தாய்ப்பாலிலும் ஒரு புதுமை இருக்கிறது: குழந்தையால் செரிக்க முடியாத சர்க்கரைகள் அதில் உள்ளன. அவை யாருக்கு உணவு? குழந்தையின் குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு! எலிக்கு மெய்யானது அத்தனையும் மனிதனுக்கு மெய்யென்று இன்னும் நாட்டப்படவில்லை. நாட்டியதாகக் கூவி மாத்திரை விற்பவனை நம்பாதீர்.

மனிதக் குழந்தைகளிடம் நடந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். வங்கதேசத் தலைநகர் டாக்காவில் மீர்ப்பூர்ச் சேரி. ஊட்டமின்றி மெலிந்த பிள்ளைகளின் குடல் நுண்ணுயிர்க் கூட்டம், வயதுக்கு ஏற்ப வளராமல் பின்தங்கிக் கிடந்தது. வெறும் சோறு கொடுத்தால் அது நிமிர்வதில்லை. கொண்டைக்கடலை, நிலக்கடலை, சோயா, வாழைக்காய் சேர்த்து ஓர் உணவு ஆக்கினார்கள். ஒரு பாதிப் பிள்ளைகளுக்கு இதையும், மறு பாதிக்கு வழக்கமான ஊட்ட உணவையும் மூன்று மாதம் ஊட்டினார்கள். 2021இல் முடிவு வந்தது. இதன் எரிபொருள் மதிப்புக் குறைவு; ஆயினும் இதை உண்டவர்களின் எடையே விரைவாக ஏறியது. எலும்பு, நரம்பு வளர்ச்சியோடு தொடர்புடைய புரதங்களும் அவர்கள் குருதியில் கூடின. எல்லாம் மளிகைக் கடைச் சரக்கு.