காலந்தாழ்ந்து திறந்த கதவு

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1897ஆம் ஆண்டு பிறந்த மேரியன் ஆண்டர்சன், தேவாலயப் பாடகர் குழுவில் ஆறு வயதில் பாடத் தொடங்கியவர். கறுப்பினப் பெண் என்பதால் இசைப்பள்ளியொன்று அவரைச் சேர்க்க மறுத்தது. தேவாலயத்தார் திரட்டித் தந்த பொருளால் தனியாசிரியரிடம் பயின்றார்.

ஆழ்ந்து இறங்கி ஒலிக்கும் அக்குரலை 1930களில் ஐரோப்பா கொண்டாடியது. தாயகமோ தயங்கியது. 1939இல் வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் அரங்கம் அவருக்கு மறுக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் லிங்கன் நினைவகப் படிகளில் நின்று அவர் பாட, ஏறத்தாழ 75,000 பேர் திறந்தவெளியில் கேட்டனர்.

ஆயினும், இசைநாடக மேடை அவருக்குத் திறக்க மேலும் 16 ஆண்டுகள் ஆயின. 1955 சனவரி 7ஆம் நாள், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில், வெர்டியின் இசைநாடகமொன்றில் குறிசொல்லும் உல்ரிகாவாக அம்மையார் தோன்றினார். அவ்வரங்கில் பாத்திரமேற்றுப் பாடிய முதல் கறுப்பினப் பாடகர் அவரே. திரை விலகியதும், அவர் பாடத் தொடங்குமுன்பே அவை கையொலியால் அதிர்ந்தது. அப்போது அவருக்கு அகவை 58ஐ நெருங்கியிருந்தது. குரலின் இளவேனிலோ என்றோ கடந்துபோயிருந்தது.

நந்தனார் தில்லை புகுந்ததைப் போற்றுவோர், அவர் புறத்தே நின்ற நாள்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கதவு திறந்த புகழ், அது அடைத்திருந்த பழியை மறைத்துவிடலாகாது.

அடுத்த இருபதாம் நாளே இராபர்ட் மெக்ஃபெரின் அம்மேடை ஏறினார். 1961இல் லியோன்டைன் பிரைஸ், குரலின் முழுப்பொலிவோடு 33ஆம் அகவையிலேயே அங்குப் பாடினார். அம்மையாருக்குக் கிட்டாத இளமேடை பின்வந்தோர்க்குக் கிட்டிற்று. 1993இல் அவர் மறைந்தபோது அக்கதவு அகலத் திறந்திருந்தது.